சிவப்பு ஒயர்க்கூடை

என்ர ஊட்டுக்காரரு கூடையை வாங்கிட்டு உள்ள போயிட்டாரு. என்ர மடியில இருந்த கூடை, சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் போட்டு நானே பின்னுன கூடை, உள்ள பேசிக்கிட்டிருந்தவரு பாதியில கதவைத் தொறந்து வெளிய வந்து அதை வெடுக்குனு எடுத்துட்டு, "மேடம் கேட்டாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு மறுபடியும் கதவைச் சாத்திக்கிட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். அது கதவுக்குத்தான் கேட்டுது. அதுல என்ன இருக்குது, எலுமிச்சம்பழச் சோறு இருக்குது, தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல், தண்ணி பாட்டில், ஒரு துண்டு, மாத்திரை வாங்கிப் போட்டுக்கற சத்துமாவு டப்பா. இதுல எதைக் கேட்டிருப்பா அந்த மேடம் புள்ள. டப்பாவைக் கேக்க மாட்டா, மாத்திரை குடுக்கறது அந்தக் கோடியில இருக்கற ஜன்னல்ல. தண்ணியும் கேக்க மாட்டா, அவ மேசை மேல ஜக்கு நிறைய இருக்குது, நானே பாத்திருக்கறேன். அப்பச் சோறுதான். விடியங்காட்டி எந்திரிச்சு, சோத்தை ஆற வெச்சு, பழத்தைப் புழிஞ்சு, இவருக்குப் புடிக்குமேன்னு நிலக்கடலை கூட ஒரு கை தூக்கிப் போட்டுக் கிளறுன சோறு. சமையல்காரரு பாருங்க, பந்தி போடற கை சும்மா இருக்குமா. என்ர சம்சாரம் கட்டிக்கிட்டு வந்திருக்கறா மேடம், ஒரு வாய் சாப்புடுங்கன்னு சொல்லியிருப்பாரு. அவளும் அந்தப் பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு, ஐயோ அண்ணே பரவால்லைன்னு சொல்லீட்டே தட்டை நீட்டியிருப்பா. என்ர சோத்தைத் தின்னு பாத்து உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்குதுன்னு வேற சொல்லுவா. எனக்குப் பசியே இல்லை இப்ப. ஆனா அந்தச் சோறு எனக்கு வேணும்.

எவ்வளவு நேரம் பேசுவாங்க ஒரு மனுசன்கூட. இது பெரியாஸ்பத்திரியில மூலைக் கட்டடம், பின்னால துணி காயப்போடற எடம், முன்னால ஒரு வேப்பமரம். ஏ.ஆர்.டி. மையம்னு போர்டு இருக்குது. தெரியாதவங்க அதைப் படிச்சும் ஒண்ணும் வெளங்காது, தெரிஞ்சவங்க போர்டைப் பாக்காமத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள வந்துருவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்குது. இப்படி முழுசாச் சொல்லிப் பாக்கறது மனசுக்குள்ள மட்டுந்தான், ஊட்டுல அதுக்குப் பேரே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னா "அங்க போகோணும்"னு சொல்லிக்குவோம். எங்கூர்லயே ஒரு மையம் இருக்குது, அங்க போனா எவனாவது பாத்துப் போடுவான், சமையல் மாஸ்டர் நல்லசிவத்துக்கு இது இருக்குதுன்னு ஒரு வாய்க்குத் தெரிஞ்சாப் போதும், ஒரு கல்யாணத்துக்கும் கூப்புட மாட்டாங்க. சாப்பாட்டுல இது ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர் சொன்னது எங்களுக்குத் தெரியும், பொண்ணூட்டுக்காரங்களுக்குத் தெரியுமா. அதுக்குத்தான் காங்கேயத்துல பஸ் ஏறி, நடுவுல இன்னொண்ணு மாறி, சீருக்குப் போறவங்களாட்டம் கூடையைத் தூக்கிக்கிட்டு இங்க வர்றது. கதவு மேல ஆற்றுப்படுத்துநர்னு எழுதியிருக்குது, கவுன்சிலருக்குத் தமிழ்ல அதுதானாமா. மொதல்ல எனக்கு அது வாயில நொழையல, இப்பப் பாத்துப் பாத்து மனப்பாடம். ஆத்தறதுன்னா எனக்குத் தெரிஞ்சு பாலை ஆத்தறது. டம்ளர்ல இருந்து டவராவுக்கு, டவராவுல இருந்து டம்ளருக்கு, சூடு தணியற வரைக்கும். என்ர புருசனை ஆத்தறதுக்கு நாகர்கோயில்ல இருந்து ஒரு புள்ள வந்திருக்கறா, பேரு பெனிட்டா, நாப்பதைத் தொட்ட ஆம்பளையை அண்ணே அண்ணேன்னு கூப்புட்டே ஆத்தறா. இத்தனை வருசமா நான் ஆத்துனது என்ன ஆச்சு.

"இன்னைக்கு உங்கூட்டுக்காரரு போயி ரொம்ப நேரமாயிருச்சாட்டம் இருக்குதுங்க" அப்படீன்னு பக்கத்துல உக்காந்திருக்கற தங்கமணியக்கா சொல்லுது. அது இங்க பழைய ஆளு, புருசன் செத்து, இதோடயே மகனைப் படிக்க வெச்சு, இப்பத் தேதி தப்பாம மாத்திரைக்கு வந்துட்டுப் போகுது. ஆமாங்கன்னு சொன்னேன். "அழட்டும் விடுங்க. அந்தப் புள்ளகிட்ட ஆம்பளைங்களே அழுதுருவாங்க, அப்படி ஒரு கைராசி." கைராசியாமா. இவரு அழுவாருன்னு இந்தக்காவுக்குத் தெரிஞ்சிருக்குது. பெஞ்சுல இருக்கற எல்லாருக்கும் தெரியும், கூட்டித் தொடைக்கற அம்மாவுக்குத் தெரியும், எனக்குத்தான் இவரு அழுது பாத்த ஞாபகம் இல்லை. ரிசல்ட் வந்த அன்னைக்கு இவரு அழல. அப்புறம் எனக்கும் ரத்தம் எடுத்து, எனக்கும் இருக்குதுன்னு சொன்னப்பவும் அழல, செவுத்தையே பாத்துட்டு நின்னாரு, பஸ்ஸுல ஜன்னலோர சீட்டை எனக்கு உட்டுக் குடுத்தாரு, அவ்வளவுதான். போன தடவை இந்த ரூம்ல இருந்து வெளிய வந்தப்ப மூக்கு நுனி செவந்து, கண்ணு ரப்பை வீங்கி, மூஞ்சி மட்டும் எண்ணெய் தேச்சுக் குளிச்சவராட்டம் லேசா இருந்துது. பஸ் ஸ்டாண்டுல எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் குடுத்தாரு. நான் அந்தப் பன்னைத் திங்கல. நோயை எனக்குக் குடுத்தாரு, அழுகையை அவளுக்குக் குடுக்கறாரு, நடுவுல எனக்கெதுக்குப் பன்னு. பஸ்ஸுல பின் சீட்டுக் குழந்தைக்குக் குடுத்துட்டேன். இவரு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் சொல்லல, இதுவே என்ர பொழப்பாப் போச்சு. முன்னெல்லாம் பேசுவாரு. முகூர்த்தம் முடிஞ்சு மத்தியானம் வந்தாருன்னா, மேலெல்லாம் நெய் வாசமும் புகை வாசமும் அடிக்க, சட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டு வெறுந்தரையில படுத்துக்குவாரு. நான் வெண்டைக்காயோ கீரையோ அரிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆரம்பிச்சாருன்னா நிறுத்த மாட்டாரு. மாப்பிள்ளையோட தாய்மாமன் பாயசம் எட்டலைன்னு எலையை மடிச்சுட்டு எந்திரிச்சது, பொண்ணுக்கு அக்கா மாடிப்படியில நின்னு அழுதது, எண்ணெய் காயறதுக்குள்ள ஒருத்தன் போண்டா மாவைக் கொட்டுனது, எல்லாம் வரும். நான் உம் கொட்டுவேன். உம், அப்புறம். உம். அரியற மும்முரத்துல ஒரு உம் உட்டுப் போச்சுன்னாப் போதும், கால் வெரல்ல என்னைத் தட்டி, "கேக்கறயா கண்ணு"ன்னு கேப்பாரு. கேக்கறனுங்க, சொல்லுங்கம்பேன். கல்யாணம் ஆன புதுசுல இருந்து நான் கண்ணுதான், மைனாவதின்னு ஒரு பேரு எனக்கு இருக்கறதே ரேசன் கடையிலதான் ஞாபகம் வரும். ரிசல்ட் வந்ததுக்கப்புறம் கண்ணு போச்சு. பேரும் போச்சு. சோறு போடுங்கறது போயி, தட்டு எடுக்கற சத்தந்தான் சோறு போடுன்னு அர்த்தம். காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து எங்க மவ பாப்பா போன் பண்ணுனா ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேரும் சிரிப்போம், போனை வெச்சதும் சிரிப்பும் அப்படியே கட்டாயிரும். அந்தக் கதையெல்லாம் எங்க போச்சுன்னு நான் யோசிச்சிருக்கறேன். போன முகூர்த்தத்துல என்ன சண்டை, யாரு எலையை மடிச்சாங்க, இவரு ஒருத்தருகிட்டச் சொல்லித்தான ஆகோணும், சொல்லாம இருக்க முடியாத மனுசன். இங்கதான் வந்து கொட்டறாரு. அந்தப் புள்ளைக்கு உம் கொட்டத் தெரியுமா. தலையை ஆட்டிக்கிட்டு, சரிங்கண்ணே, புரியுதுங்கண்ணேன்னு சொல்லுவா, படிச்சவ. உம் கொட்டறதுக்கு நேரங்காலம் இருக்குது. கதை எறங்கற எடத்துல கொட்டோணும், ஏறற எடத்துல கொட்டுனா இவருக்குச் சப்புனு போயிரும். அது எனக்குத் தெரியும், அவளுக்கு எவ சொல்லிக் குடுத்தா.

வயித்தெரிச்சல்தான். எனக்கே தெரியுது. அந்தப் புள்ளைமேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, அதுதான் இன்னும் எரியுது. என்னையும் உள்ள கூப்புட்டு உக்கார வெப்பா. "எப்படி இருக்கீங்க அக்கா, தூக்கம் வருதா, மனசுல ஏதாவது இருக்கா"ன்னு கேப்பா. எல்லாம் நல்லாருக்குதுங்க மேடம்னு சொல்லீட்டு நான் எந்திரிச்சுருவேன். அவ என்னை உக்காரச் சொல்லிப் பாப்பா, நான் பஸ்ஸுக்கு நேரமாச்சும்பேன். என்ர புருசன் அழுத அதே நாற்காலியில உக்காந்து நானும் அழுதா அப்புறம் எங்க ஊட்டுல என்னதான் மிஞ்சும். எங்க ரெண்டு பேரையும் சேத்துத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான், அந்தக் கணக்குல பாத்தா எங்க ஊட்டுக்கே அவதான் நடு ஆளு. இவருக்கு இதை ஒட்ட வெச்ச அந்த இன்னொருத்தி மேல கூட எனக்கு இப்படி எரியலைங்க. அவ எவளோ, பெங்களூருப் பக்கம் ஒரு கல்யாண சீசனுக்குச் சமைக்கப் போனப்ப வந்தவ, இவரு ஒரே ஒரு தடவை டாக்டருக்கு முன்னால சொன்னாரு, அதோட சரி. ஆரம்பத்துல நான் அவளுக்கு ஒரு மூஞ்சி போட்டுப் பாத்தேன், சேலை போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல, நாளாக நாளாகக் கரைஞ்சு போயிட்டா. அவ ஒடம்பைத்தான் தொட்டா. இந்தப் புள்ள இவரு வாயைத் தொறந்து வெச்சிருக்கறா. எது பெருசுன்னு எந்தப் பொம்பளைகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க.

இன்னைக்கு முடிவு கட்டிப்போடறது. வெளிய வரட்டும், வந்ததும் சொல்லிப்போடோணும், இனிமே இந்த ரூமு வேண்டாமுங்க, மாத்திரையை வாங்குனமா, பஸ் ஏறுனமான்னு இருக்கலாம், எதுன்னாலும் என்கிட்டச் சொல்லுங்கன்னு. சொல்லீருவனா. சொல்லீருவேன். ஆனா அதுக்குள்ள ஒரு அண்டா ஞாபகத்துக்கு வந்துருது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான், ராத்திரி சோத்துக்கு அப்புறம் போட்டுக்கறது. இவரு என்ர முன்னால போட மாட்டாரு. நான் டம்ளரைக் கையில எடுத்தாப் போதும், அவரோடதை உள்ளங்கையில இறுக்கிக்கிட்டுப் பொறவாசப்பக்கம் பாத்திரக் கொட்டாய்க்குப் போயிருவாரு. என்கூடச் சேந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கக்கூட மனசில்லை, என்னைக் கண்டாவே அருவருப்புப் போலன்னு நெனச்சுக்குவேன். ஆவணி முகூர்த்தத்துக்குப் பெரிய அண்டாவை இழுத்துக் கழுவறப்ப அடியில வெள்ளை வெள்ளையா, ஊறிப்போயி, பாதி கரைஞ்சு, அத்தனையும் மாத்திரை. தினமும் கொண்டுபோயி அண்டாவுல போட்டுட்டு வந்திருக்கறாரு. அதை அள்ளி மடியில போட்டுக்கிட்டு இவரு கால்ல விழுந்தேன். பாப்பாவை நெனச்சுப் பாருங்க, என்னை நெனச்சுப் பாருங்க, சாகறதுன்னா என்னையும் கூட்டிட்டுச் சாவுங்கன்னு கத்துனேன். இவரு என்னைத் தூக்கி நிறுத்தி உட்டுட்டு, அண்டாவை எடுத்துட்டுப் போயி அவரே கழுவுனாரு. மறுபடியும் மாத்திரை போடல. டாக்டர் ரத்தத்தைப் பாத்துட்டு, கிருமி ஏறியிருக்குது, இப்படியே போனா ஆளு தாங்காதுன்னு இந்த ரூமுக்கு அனுப்புனாரு. ரெண்டு வாட்டி வந்தாரு, மூணாவது வாட்டியில இருந்து மாத்திரை போடறாரு. இப்பவும் கொட்டாய்லதான் போடறாரு, ஆனா அண்டாவை நான் தெனம் பாக்கறேன், காலியா இருக்குது. நான் கால்ல விழுந்து நடக்காதது அவ வாயில சொன்னதும் நடந்துது. அப்ப நான் இந்த ரூமு வேண்டாமுங்கன்னு சொன்னா, மறுபடியும் அண்டாவுல வெள்ளையாக் கெடக்குமா. அவரு உசிரை அந்தப் புள்ள கையில குடுத்துட்டு நான் பெஞ்சுல உக்காந்திருக்கறேன். அவ நல்லாருக்கோணும்னு சாமி கும்புடறேன், கும்புட்ட கையோட அவளுக்கு வேற ஜில்லாவுக்கு மாத்தல் வரோணும்னும் கும்புடறேன். சாமிக்கே கொழப்பமாத்தான் இருக்கும்.

கரண்டு போச்சு. மேல சுத்திக்கிட்டிருந்த விசிறியெல்லாம் ஒண்ணொண்ணாத் தளந்து நின்னுது, மாத்திரை ஜன்னல்ல கம்ப்யூட்டர் கீச்சுனு கத்துச்சு, அப்புறம் எல்லாச் சத்தமும் அடங்கிப்போச்சு. பலகைத் தடுப்புதான இந்த ரூமு, மேல கூரை வரைக்கும் எட்டாது, இத்தனை நேரம் விசிறிச் சத்தத்துல உள்ள பேசறது வண்டு சத்தமாட்டம் கேட்டுச்சு. இப்பத் தெளிவாக் கேட்டுது. இவரு கொரலு. மத்தியானம் தரையில படுத்துக்கிட்டுப் பேசற கொரலு, நெய் வாசமடிக்கற கொரலு, செத்துப் போச்சுன்னு நான் நெனச்ச கொரலு. "எப்படிச் சொல்றதுன்னு தெரீல கண்ணு." அவ்வளவுதான் கேட்டுது. அதுக்குள்ள வெளிய ஜெனரேட்டரைப் போட்டுட்டாங்க, கடகடன்னு செவுரே அதிருது. கண்ணு. தங்கமணியக்கா என்னைப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிச்சு, அதுக்கும் கேட்டிருக்குது. என்ர மவ வயசுக்கு அஞ்சாறு வருசம் கூட இருக்குமா அந்தப் புள்ள. அவளைக் கண்ணுங்கறாரு. என்ர சோத்தை அவளுக்குப் போட்டு, என்ர கண்ணை எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாரு. காது ரெண்டும் கும்முனு அடைச்சுது. கையில புடிச்சுக்கக் கூடை கூட இல்லை. எந்திரிச்சேன். "மைனா, உக்காரம்மா"ன்னு அக்கா சேலையைப் புடிச்சுது, உதறீட்டுப் போயிக் கதவைத் தள்ளுனேன். தாழ்ப்பாள் போடாத கதவு, லேசாத் தள்ளுனதுக்கே செவுத்துல போயி மோதுச்சு.

அந்தப் புள்ள இவருக்கு எதுக்க உக்காந்திருக்கல. தள்ளி, ஜன்னலோரமா ஒரு ஸ்டூல்ல, கையைக் கட்டிக்கிட்டுத் தரையைப் பாத்துட்டு இருந்தா. இவருக்கு எதுக்க ஒரு நாற்காலி. நாற்காலி மேல என்ர கூடை. சோத்துப் பாத்திரம் மூடி தொறக்காம இருக்குது, துண்டு நான் மடிச்ச மடிப்புக் கலையாம இருக்குது. இவரு முன்னால சாஞ்சு கூடையோட ரெண்டு காதையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் தண்ணியா, வாயைத் தொறந்தபடிக்கு என்னைப் பாத்தாரு. "அக்கா," அப்படீன்னு அந்தப் புள்ள எந்திரிச்சா. "நாந்தான் சொன்னேன். உங்க முன்னால இருந்து பேச வாய் வரமாட்டேங்குதுன்னு அண்ணன் சொன்னாவ. அதான், அக்கா பொருள் எதாச்சும் எடுத்துட்டு வாங்க, அக்கா இங்க உக்காந்திருக்காவன்னு நெனச்சுப் பேசிப் பாருங்கன்னேன். வீட்டுல போய்ப் பேசறதுக்கு முன்னால பழகிக்கிடட்டுமேன்னு." எனக்கு அவ சொல்றது பாதிதான் ஏறுச்சு. நான் கூடையைப் பாத்துக்கிட்டிருந்தேன். கோயில் திருவிழாக் கூட்டத்துல நின்னுக்கிட்டு ஒயரு வாங்கி, கை காச்சுப் போகப் பின்னுன கூடை. அதுக்கு வந்த யோகத்தைப் பாருங்க. இத்தனை நேரம் எவ மேலயோ எரிஞ்சது அப்படியே திரும்பி அது மேல ஏறுது. சிரிப்பு வருதா அழுகை வருதான்னு தெரீல. என்கிட்ட வராத கண்ணு, என்கிட்ட வராத தண்ணி, எல்லாம் இந்த ஒயருக்கு.

நேராப் போயி கூடையைத் தூக்கிக் கீழ வெச்சுட்டு அந்த நாற்காலியில உக்காந்தேன். சொல்லுங்கன்னேன். இவரு வாய் மூடிக்கிச்சு. நான் பாத்துக்கிட்டிருக்கறப்பவே மூடிக்கிச்சு, ஒதடு ரெண்டும் ஒட்டி, ஊட்டுல இருக்கற மூஞ்சி வந்துருச்சு. தரையைப் பாத்தாரு. கூடையைப் புடிச்சிருந்த கை ரெண்டும் புடிச்ச வாக்குலயே வெறுமனே அந்தரத்துல நின்னுது. நெய் தெறிச்ச தழும்பெல்லாம் எனக்கு மனப்பாடமான கை. அதைப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. ஜெயிக்கறதுக்கு இது என்ன பந்தயமா. குனிஞ்சு கூடையை எடுத்து என்ர மடியில வெச்சேன். அதோட காது ரெண்டையும் இழுத்து இவரு கையில குடுத்தேன். "இதுகிட்டயே சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்"னு சொல்லீட்டு மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். செவுத்துல ஒரு காலண்டர் தொங்குது, போன மாசத்தைக் கிழிக்கவே இல்லை. ஜெனரேட்டர் ஓடுது. கூடைக் காது ரெண்டையும் இவரு முறுக்கி முறுக்கி உடறாரு, அந்த இழுப்பு என்ர தொடையில தெரியுது.

"நீ மாத்திரை முழுங்கறப்ப," அப்படீன்னு சொன்னாரு. கூடைகிட்டத்தான் சொன்னாரு. "தலையைத் தூக்கித் தண்ணி ஊத்திக்குவ. உன்ர தொண்டை ஏறி எறங்கும். அதைப் பாக்க முடியல கண்ணு. நான் தின்னது, நீ முழுங்கற. அதான் கொட்டாய்க்குப் போயிர்றது. என்ரதை நான் முழுங்கி எதுக்குப் பொழைக்கறதுன்னு..." அங்க நின்னுட்டாரு. கதை எறங்கற எடம். கூடைக்கு என்ன தெரியும். நான் காலண்டரைப் பாத்துக்கிட்டே உம்முன்னு கொட்டுனேன்.